செல்லுக்குள் ஒரு தாராவி

ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு படமும் சில பத்திகளுமாக முடிந்துவிடும் சமாச்சாரம் எண்டோபிளாச வலை. ஆனால் தோல் பை, நெல்லிக்காய், ஆட்டுக்கால் சூப், சர்க்கரை வியாதி என்று அது எட்டிப் பார்க்காத இடம் இல்லை.

சயானிலிருந்து பாந்த்ராவுக்குப் போகும் இணைப்புச் சாலையில், தாராவியை ஒட்டி வரிசையாகத் தோல் கடைகள். பர்ஸ், பெல்ட், ஆபீஸ் பை, ஜாக்கெட். வாங்க வருகிறவர்கள் பையை எடுத்ததும் முதலில் செய்வது முகர்ந்து பார்ப்பது. அசல் தோலா, ரெக்ஸினா? கடைக்காரர் நகத்தால் கீறிக் காட்டுவார், மடக்கிக் காட்டுவார், சிலர் தீக்குச்சிகூடக் கிழிப்பார்கள். விஞ்ஞானியைக் கேட்டால் அசல் தோல் என்பதற்கு ஒரே வார்த்தையில் விளக்கம் கொடுத்துவிடுவார்: கொல்லாஜன்.

கொல்லாஜன் ஒரு புரதம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மட்டுமல்ல, பை வாங்க வந்தவரின் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாருக்கும் அதுதான் ஆதாரம். பாலூட்டிகளின் உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் சுமார் 30 சதவீதம் கொல்லாஜன்தான். சுண்ணாம்பில் ஊறவைத்து முடியையும் மேல்தோலையும் சதையையும் நீக்கினால் மிஞ்சுகிற நடு அடுக்கில் இருப்பது பெரும்பாலும் கொல்லாஜன் நார்களின் நெசவு. அது அழுகாமல் பார்த்துக்கொள்வதே பதனிடும் தொழில். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுச் செய்தார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது.

இந்தத் தொழிலைத் தாராவிக்குக் கொண்டுவந்ததில் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறியும் ரயிலேறியும் வந்த தமிழ் முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பதனிடும் தொட்டிகள் இன்று ஏறக்குறைய போய்விட்டன. சுற்றுச்சூழல் கெடுபிடிகளும் நில விலையும் அவற்றை வெளியே தள்ளின. வெட்டுவதும் தைப்பதும் விற்பதும் மிச்சம். தோல் சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வருகிறது.

எங்கிருந்து வந்தாலும் அந்தக் கொல்லாஜன் எந்தத் தொட்டியிலும் உற்பத்தியானதல்ல. ஒவ்வொரு இழையும் ஆடு உயிரோடிருந்தபோது அதன் செல்களுக்குள் இருக்கும் ஒரு பட்டறையில் தயாரானது. அந்தப் பட்டறைதான் எண்டோபிளாச வலை.

பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் மிரள்வதில் நியாயம் இருக்கிறது. இங்கிலீஷ் மீடியத்துக்காரர்கள் அதை ஈ.ஆர். என்று சுருக்கித் தப்பித்துக்கொள்கிறார்கள். தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு எண்டோபிளாச வலை. (மும்பை மாநகராட்சி இன்றும் தமிழ் வழிப் பள்ளிகளை நடத்துகிறது, மாணவர் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே வந்தாலும்.) யாழ்ப்பாணத்தில் படித்தால் அது அகமுதலுருச் சிறுவலை. நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்றாலும் மூன்றில் பொருள் விளங்குவது அந்த ஈழத்துப் பெயரில்தான்: செல்லின் கூழுக்குள் இருக்கும் சின்ன வலை.

விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்குத் தாராவி எப்படித் தெரிகிறதோ, கிட்டத்தட்ட அப்படித்தான் முதலில் விஞ்ஞானிகளுக்கு இந்த வலை தெரிந்தது: ஒரே நெரிசல், ஒழுங்கே இல்லை. தாராவியில் இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில் லட்சக்கணக்கானவர்கள் வசிக்கிறார்கள். உள்ளே நடந்து போனவர்களுக்குத்தான் தெரியும், ஒவ்வொரு சந்துக்கும் ஒரு வேலை உண்டு என்று. கும்பர்வாடாவில் பானை. இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் உடைப்பு. மற்றொரு பக்கம் விடியற்காலையிலேயே ஆவி பறக்கும் இட்லி, சைக்கிளில் ஏறி நகரமெங்கும் போகத் தயாராக. செல்லும் அதே கதைதான். ஒரு மிருக செல்லில் இருக்கும் சவ்வையெல்லாம் உரித்து எடுத்து விரித்தால் அதில் பாதிக்கு மேல் இந்த வலையுடையதாக இருக்கும். உட்கருவின் வெளிச்சுவரிலிருந்து புறப்பட்டு, தட்டுத் தட்டாகவும் குழாய் குழாயாகவும் செல்லின் ஓரம் வரை அது பரவியிருக்கிறது. எல்லாம் ஒரே தொடர்ச்சி. ஒரு முனையில் உள்ளே நுழைந்தால் வெளியே வராமலே மறு முனைக்குப் போய்விடலாம்.

பத்து கெஜம் புடவையை ஒரு சின்ன டிபன் டப்பாவுக்குள் மடித்துத் திணித்தால் எப்படியோ, அப்படி. இடம் குறைவு, பரப்பு அதிகம். வேலையெல்லாம் நடப்பது சவ்வின் மேல்தான் என்பதால் பரப்புதான் முக்கியம்.

லேஸ் துணி போல

இதை முதலில் படமெடுத்தது நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த கீத் போர்ட்டரும் ஆல்பர்ட் கிளாடும். ஆண்டு 1945. கோழிக் கருவிலிருந்து எடுத்து வளர்த்த ஒரு செல்லை எர்னஸ்ட் ஃபுல்லமின் உதவியோடு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது, உள்ளே லேஸ் துணி போல ஒரு பின்னல் தெரிந்தது. அது தோலுக்கு நார் நூற்கும் இனத்தைச் சேர்ந்த செல். ஆகவே கொல்லாஜன் பட்டறையைத்தான் மனிதன் முதன்முதலில் படமெடுத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. செல்லின் உட்பகுதியில் தெரிந்ததால் அதற்கேற்ற பெயரைப் போர்ட்டர் 1950களின் தொடக்கத்தில் சூட்டினார். பின்னால் பார்த்தால் வலை ஓரம் வரைக்கும் இருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

அதே நிறுவனத்தில் இருந்த ருமேனியக்காரர் ஜார்ஜ் பலாடே இன்னும் கூர்ந்து பார்த்தார். வலையின் சில பகுதிகளில் கடுகு தூவிய ஊத்தப்பம் போலப் பொட்டுப் பொட்டாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பொட்டுகள்தான் ரைபோசோம்கள், புரதம் கோக்கும் எந்திரங்கள். பொட்டு உள்ள பகுதி சொரசொரப்பான வலை. இல்லாத பகுதி வழவழப்பான வலை. கிளாட், பலாடே இருவருக்கும், லைசோசோமைக் கண்டுபிடித்த கிறிஸ்தியான் த துவேவுக்கும் 1974-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. ரைபோசோம் எந்திரத்தின் உள் அமைப்பை அணு அணுவாக வரைந்து காட்டியதற்காக 2009-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் என்பதைத் தமிழ் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பலாடே செய்த ஒரு சோதனையை மட்டும் சொல்லியாக வேண்டும். கினி எலியின் கணையச் செல்கள் ஜீரணத்துக்கான புரதத்தைச் சுரப்பவை. அவற்றுக்குச் சில நிமிடங்கள் மட்டும் கதிரியக்க அடையாளம் போட்ட அமினோ அமிலத்தைக் கொடுத்து, பிறகு சாதாரண அமினோ அமிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். அடையாளம் போட்ட சரக்கு எப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி. முதலில் சொரசொரப்பான வலை. சுமார் 20 நிமிடத்தில் கோல்கை உடலம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதும் வெளியே அனுப்பக் காத்திருக்கும் மூட்டைகள். செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்துக்கு ஒரு தடம் இருக்கிறது என்பது அப்படித்தான் நிரூபணமானது. அடையாளம் போடும் இந்தக் கதிரியக்க வேலை செம்பூர்வாசிகளுக்கு அந்நியமானதல்ல. பக்கத்து டிராம்பேயில் 1956-ல் இயங்கத் தொடங்கிய அப்சரா அணு உலையிலிருந்து ஆரம்பித்து, இந்திய ஆய்வுக்கூடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வேண்டிய ஐசோடோப்புகள் அங்கேதான் தயாராகிவந்திருக்கின்றன.

டப்பாவின் மூடியில் முகவரி

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. செல்லுக்குள் ரைபோசோம்கள் பல லட்சம். எல்லாம் ஒரே மாதிரி. சில தனியாக மிதந்தபடி வேலை செய்கின்றன, சில வலையில் வந்து உட்காருகின்றன. எது எங்கே போக வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்?

மும்பைப் பிள்ளைகளுக்கு இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். டப்பாவாலாக்கள் இருக்கிறார்கள். ஒரே மாதிரியான அலுமினிய டப்பாக்கள், மூடியில் வண்ணத்தில் சில எழுத்துகளும் எண்களும். மாட்டுங்காவில் ஏறிய சாம்பார் சாதம் சர்ச்கேட்டில் சரியான மேஜைக்குப் போய்ச் சேருவது அந்தக் குறியால்தான். புரதத்துக்கும் அப்படி ஒரு குறி உண்டு என்று பலாடேயின் கூடத்திலிருந்த குந்தர் புளோபெல், டேவிட் சபாதினியோடு சேர்ந்து 1971-ல் ஊகித்தார். 1975-ல் ஆதாரம் காட்டினார். வலைக்குப் போக வேண்டிய புரதத்தின் முதல் 20, 30 அமினோ அமிலங்களே முகவரி. ரைபோசோம் அந்த முனையைக் கோத்து வெளியே நீட்டியதுமே ஒரு துகள் வந்து அதைப் பிடித்துக்கொள்கிறது, வேலையைச் சற்று நிறுத்தி வைக்கிறது, ரைபோசோமை அப்படியே இழுத்துக்கொண்டு போய் வலையில் உட்கார வைக்கிறது. பிறகு கோக்கக் கோக்க இழை ஒரு துளை வழியாக வலையின் உள்ளே இறங்குகிறது. சொரசொரப்புக்குக் காரணம் இதுதான்.

ஒரு வித்தியாசம்: டப்பா குறியோடு சாயங்காலம் வீடு திரும்பும். புரதத்தின் முகவரியை உள்ளே நுழைந்ததும் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். இந்தக் கண்டுபிடிப்புக்காக 1999-ல் நோபல் பெற்ற புளோபெல், பரிசுப் பணத்தைப் போரில் நொறுங்கிய டிரெஸ்டன் நகரத்தின் தேவாலயத்தையும் யூதர் ஆலயத்தையும் மீண்டும் கட்டக் கொடுத்துவிட்டார்.

இப்போது நம் கொல்லாஜனுக்கு வரலாம். உள்ளே இறங்குவது ஒரு இழை அல்ல, மூன்று. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள். மூன்றும் சேர்ந்து சடை போலப் பின்னிக்கொள்கின்றன. இந்தச் சடையின் ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் சென்னைக்காரர் என்றே சொல்லலாம்.

எர்ணாகுளத்தில் பிறந்து, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் படித்து, 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரனுக்கு அப்போது 30 வயதுதான். அந்த வருடம் வந்து போன பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னல், கொல்லாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். பக்கத்திலேயே அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். கேட்க வேண்டுமா? கங்காரு வால் நார் உட்படப் பல மாதிரிகளை எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-ல் நேச்சர் இதழில் மூன்றிழை அமைப்பை அறிவித்தார். அடுத்த ஆண்டு அதையே முறுக்கிய கயிறாகத் திருத்தினார். கேம்பிரிட்ஜில் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் சில இணைப்புகளை மாற்றி வரைந்தார்கள், வாக்குவாதம் நடந்தது. மூன்றிழை என்ற அடிப்படை ஆட்டம் காணவில்லை. ராமச்சந்திரன் 2001-ல் காலமானார். நோபல் வரவில்லை. தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்கு மட்டும் டிரிப்பிள் ஹெலிக்ஸ் என்று பெயர்.

மூன்றிழைச் சடையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின் என்ற மிகச் சின்ன அமினோ அமிலமாக இருக்க வேண்டும். சடையின் நடுவில் அதற்கு மட்டும்தான் இடம். ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறி, ஒரே ஒரு கிளைசினின் இடத்தில் சற்றுப் பெரிய மணி வந்து உட்கார்ந்தாலும் போதும். பின்னல் அந்த இடத்தில் தடுக்கிக்கொள்ளும். எலும்பு நொறுங்கும் நோயோடு பிறக்கும் பல குழந்தைகளுக்கு நடந்திருப்பது இதுதான். தூக்கும்போதே கை முறியும். கட்டு பிரிப்பதற்குள் அடுத்த முறிவு. இதற்கு யாரும் காரணமில்லை. அம்மா சரியாகப் பால் கொடுக்கவில்லை, கால்சியம் போதவில்லை என்ற வீட்டுப் பேச்செல்லாம் அர்த்தமற்றது. எலும்பை உறுதியாக்கும் மருந்துகள் ஓரளவு உதவுகின்றன. மூலகாரணத்தைத் தொடும் சிகிச்சை இன்னும் வரவில்லை. வலைக்குள் தேங்கும் கோணல் சடைகளைக் கரைத்து அனுப்ப முடியுமா என்று மீன்களிலும் எலிகளிலும் சோதித்துப் பார்க்கிறார்கள்.

மாட்டுங்கா நெல்லிக்காய்

பின்னல் விழுவதற்கு முன்னால் வலைக்குள் இன்னொரு வேலை நடந்தாக வேண்டும். இழையிலிருக்கும் புரோலின் என்ற அமினோ அமிலங்களில் பலவற்றுக்கு ஒரு ஆக்சிஜன் கொக்கி மாட்டுகிறார்கள். மாட்டும் என்சைம் ஓயாமல் ஓட வைட்டமின் சி வேண்டும். கொக்கி இல்லாத சடை சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே அவிழ்ந்துவிடும். மும்பையின் டிசம்பர் இரவு அது. நம் உடம்போ 37 டிகிரி.

எனவே மாதக்கணக்கில் பழம், காய் இல்லாமல் கடலில் போன மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் வந்தது, பல் ஆடியது, என்றோ ஆறிய புண்ணின் தழும்பு மறுபடி பிளந்தது. ஸ்கர்வி. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டாகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சடுதியில் எழுந்தார்கள். காரணம் எண்டோபிளாச வலைக்குள் இருக்கிறது என்று தெரிய இன்னும் 200 வருடத்துக்கு மேல் ஆயிற்று.

வேடிக்கை என்னவென்றால், தோலைக் கொடுத்த ஆட்டுக்கு இந்தக் கவலையே கிடையாது. வைட்டமின் சி-யை அதன் ஈரல் தானே செய்துகொள்கிறது. செய்யும் இடம்? ஈரல் செல்லின் எண்டோபிளாச வலைதான். எந்தெந்த மிருகங்களுக்கு இந்தத் திறமை உண்டு, எவை இழந்துவிட்டன என்று தேடித் தொகுத்து 1973-ல் சயின்ஸ் இதழில் எழுதியவர் கல்கத்தாவைச் சேர்ந்த ஐ.பி. சட்டர்ஜி. குரங்கும் கினி எலியும் மனிதனும் இழந்தவர்கள் பட்டியலில். ஆகவே நமக்கு மாட்டுங்கா மார்க்கெட் நெல்லிக்காய் வேண்டியிருக்கிறது. எலுமிச்சையும் கொய்யாவும் போதும். இதற்காக விலை உயர்ந்த மாத்திரை தேட வேண்டாம். கொல்லாஜன் பவுடர் என்று அழகு சாதனக் கடைகளில் விற்பதைக் குடித்தால் அது நேராகத் தோலில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பவும் வேண்டாம். எந்தப் புரதமும் போல அதுவும் குடலில் துண்டு துண்டாகிறது. அவிழ்ந்த கொல்லாஜனை மலிவாகப் பார்க்க ஆசைப்பட்டால் ஆட்டுக்கால் சூப்பை ஆறவிடுங்கள். தளதளவென்று உறைந்து நிற்பது அதுதான்.

பின்னிய சடை சுமார் 300 நேனோமீட்டர் நீளம், விறைப்பானது. வலையிலிருந்து சரக்கை ஏற்றிச் செல்லும் சாதாரண மூட்டையின் அகலமோ 60 முதல் 90. தாதரில் மாலை ஆறு மணி லோக்கலில் ஏணியோடு ஏறுவது போன்ற நிலைமை. எப்படித்தான் ஏற்றுகிறார்கள் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. பார்சிலோனாவில் பணிபுரியும் விவேக் மல்ஹோத்ராவின் குழு 2009-ல் டாங்கோ-1 என்ற புரதத்தை வைத்து வழி காட்டியது. வலையின் வாசலில் உட்கார்ந்து, ஒரு கையால் கொல்லாஜனையும் மறு கையால் மூட்டை கட்டும் கோஷ்டியையும் பிடித்துக்கொண்டு, சரக்கு அடங்குகிறவரை வாயைக் கட்டவிடாமல் வைத்திருக்கிறது அது.

வாசலில் காவலும் உண்டு. தாராவிப் பட்டறையில் தையல் கோணிய பை கடைக்குப் போகாது. வலைக்குள்ளும் ஒவ்வொரு புரதத்தையும் மடித்துக் கொடுக்க உதவியாளர்கள், மடிப்பு சரியா என்று பார்க்க மேஸ்திரிகள். தேறாததை வெளியே தள்ளி நறுக்கிவிடுகிறார்கள். சில சமயம் காவல் அளவுக்கு மீறிக் கறாராகிவிடுகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகள் பலரிடம் உப்புக்கு வழிவிடும் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் குறைவு. மடிப்பு கொஞ்சம்தான் பிசகு. ஓரளவு வேலை செய்யக்கூடியது. ஆனால் காவல் அதை விடுவதில்லை. நுரையீரலில் சளி கெட்டிப்படுகிறது. மடிப்பைச் சரிசெய்து வாசலைத் தாண்டவைக்கும் கூட்டு மருந்துக்கு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அங்கே அதன் பட்டியல் விலை ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். இந்தியக் குடும்பங்கள் அந்தச் செய்தியைப் படிக்க மட்டும்தான் முடியும்.

சரக்கு தேங்கினால் செல் சும்மா இருப்பதில்லை. வலை உட்கருவுக்கு ஆள் அனுப்புகிறது: புது ஆர்டர் நிறுத்து, உதவியாளர்களைக் கூட்டு. ஜப்பானின் கசுதோஷி மோரியும் கலிபோர்னியாவின் பீட்டர் வால்டரும் 1990களில் தனித்தனியே கண்டறிந்த இந்த அபாயச் சங்கிலிக்கு 2014-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. எதுவும் பலிக்காவிட்டால் செல் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. இதில் நம் வீடுகளைத் தொடும் விஷயம் இன்சுலின். கணையத்தின் பீட்டா செல் ஒன்று நிமிடத்துக்குப் பத்து லட்சம் இன்சுலின் மூலக்கூறு அளவுக்குத் தயாரிக்கக்கூடியது, எல்லாம் இந்த வலையில்தான். உடல் பருத்து, இன்சுலினுக்கு மசியாமல் போகும்போது ஆர்டர் ஏறிக்கொண்டே போகிறது, வலை திணறுகிறது. பீட்டா செல்கள் ஓய்ந்து போவதற்கு இந்தத் திணறலும் ஒரு காரணம் என்பது இன்றைய கணிப்பு. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்கிறது. அரிதாக, இன்சுலின் ஜீனிலேயே பிழையோடு பிறக்கும் சிசுக்களும் உண்டு. கோணல் இன்சுலின் வலையை அடைத்துக்கொள்ள, பிறந்த சில மாதங்களிலேயே அவர்களுக்கு ஊசி தேவைப்படுகிறது.

சொரசொரப்பான வலை பெயரைத் தட்டிக்கொண்டு போவதால் வழவழப்பான வலையைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸில் பையன் மட்டையைச் சுழற்றுகிறான். அவன் தசைச் செல்களின் வழவழப்பான வலை அடைத்து வைத்திருந்த கால்சியத்தைக் கணத்தில் திறந்துவிட்டதால்தான் கை சுழல்கிறது. மறுபடி உள்ளே உறிஞ்சியதும் தசை தளர்கிறது. ஜுரத்துக்கு அவன் விழுங்கும் பாரசிட்டமாலை உடலிலிருந்து கழித்துக்கட்டுவதில் பெரும் பங்கு ஈரல் வலையின் என்சைம்களுக்கு. அளவு மீறினால் அதே வலையில் நச்சுப் பொருள் கூடுதலாக உருவாகி ஈரலைக் கெடுக்கும் என்பதால்தான் மாத்திரையை எண்ணி விழுங்கச் சொல்கிறார்கள். சிலவகைத் தூக்க மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் ஈரலின் வலையே பெருத்துவிடுகிறது. அதே மாத்திரை பிறகு அதே வேலையைச் செய்வதில்லை.

மும்பையிலேயே நடந்த ஒரு ஆராய்ச்சியும் இங்கே சேரும். கொலாபாவிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மல்லிக்கின் குழு எலியின் ஈரலை வைத்து 2017-ல் ஒரு விஷயத்தைக் காட்டியது. சாப்பிட்டதும் இன்சுலின் ஏறுகிறது. அது ஈரல் செல்லில் இருக்கும் கொழுப்புத் துளிகளின் மேல் கைனேசின் என்ற மோட்டார் புரதத்தை ஏற்றிவிடுகிறது. மோட்டார் துளியை இழுத்துக்கொண்டு செல்லின் ஓரத்திலுள்ள வழவழப்பான வலைக்கு ஓடுகிறது. அங்கே கொழுப்பு பொட்டலம் கட்டப்பட்டு ரத்தத்துக்குப் போகிறது. பட்டினி கிடந்தால் மோட்டார் இறங்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் உடம்பின் மற்ற பாகங்களிலிருந்து ஈரலுக்குக் கொழுப்பு வந்து குவியும். அது அப்படியே ரத்தத்தில் கொட்டிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஏகாதசி விரதம் இருக்கும் செம்பூர்ப் பாட்டியின் ஈரலிலும் இப்படித்தானா என்று உறுதியாகச் சொல்ல மனிதர்களில் இன்னும் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் பள்ளி மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். முடியாது. வெங்காயத் தோலில் செல்லும் உட்கருவும் தெரியும், அவ்வளவுதான். வலையின் குழாய்கள் சாதாரண வெளிச்சத்துக்குப் பிடிபடாத அளவுக்கு மெல்லியவை. முதிர்ந்த சிவப்பு ரத்த அணுவிலோ தேடினாலும் கிடைக்காது, அது வலையை உதறிவிட்டது. பாக்டீரியாவுக்கு எப்போதுமே இல்லை.

தாராவி உவமை கைவிடும் இடமும் ஒன்று இருக்கிறது. தாராவியின் சந்து நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்கும். ஒளிரும் சாயம் ஏற்றி உயிருள்ள செல்லைப் படம் பிடித்தால் வலையின் குழாய்கள் நொடிக்கு நொடி நீள்வதும் சுருங்குவதும் ஒன்றோடொன்று ஒட்டிப் புது முச்சந்தி உண்டாக்குவதும் தெரிகிறது. 2016-ல் ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸும் சக ஆய்வாளர்களும் அதிவேகப் படங்களில் பார்த்தபோது, செல்லின் ஓரத்தில் தட்டையான தகடு என்று நினைத்திருந்த பல இடங்கள் உண்மையில் நெருக்கமாக முடைந்த குழாய்க் கூட்டமாக இருந்தன. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் உட்கருவைச் சுற்றி அசையாமல் அடுக்கியிருக்கும் அந்த நாலைந்து வளைவுக் கோடுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.